இடுப்பில் ஒரு கணு

மிஷன் காலத்து அலமாரி, மூன்றாவது இழுப்பறை.
ஏழு பிசின் துண்டுகள். ஐந்தாவதற்குள்
ஓர் எறும்பு,
முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி.
சீட்டில் யாரோ ஒரு துரை
ஊதா மையில் பேரினம் எழுதி
அடிக்கோடும் இழுத்திருக்கிறார்,
சந்தேகமே படாத கோடு.

வெளியே வேலூர், நூற்றெட்டு டிகிரி.
மேசை அதிர்கிறதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டோம்.
நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கன்னியப்பன் விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறார்.

இடுப்பில் இரண்டு கணு.
தொண்ணூறு வருஷமாய் அப்படித்தான்.
நானும் மூன்று நாள் இரண்டென்றே எண்ணினேன்.
நாலாம் நாள் ஒரு சொட்டு கிளிசரின் விட்டதும்
இரண்டாவதைக் காணோம்.
கணுவே இல்லை அது.
பிசின் காய்ந்தபோது விழுந்த விரிசல்.

ஒரு கணு குறைந்தால்
துணைக்குடும்பம் மாறும். கொடுக்கு போய்
அமிலம் வரும்.
அக்கா தங்கைகளெல்லாம் வேறு ஆட்கள்.
எறும்பு மட்டும் அப்படியே,
தூக்கிய காலை இன்னும் கீழே வைக்காமல்.

"அவ்வளவுதானா மேடம்?
நீங்க எண்ணிச் சொன்னா ஒத்துக்குவாங்களா?"

படம் போடணும், அளவு கொடுக்கணும்,
ரெண்டு பேர் சரிபார்ப்பாங்க என்றேன்.

"நேர்ல கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
ஒடுகத்தூர்ப் பக்கம் அவர் வீடு.
இருளர் என்று எழுதிக் கொடுத்த மனு
கோட்டாட்சியர் ஆபீசில் நாலு வருஷமாய்.
விசாரிக்க வந்தவர்
சுவரிலிருந்த டிவியைக் குறித்துக்கொண்டாராம்.
போகும்போது வாசலில் நின்று,
எங்கே, ஒரு பாம்பு பிடிச்சுக் காட்டு, என்றாராம்.
மகள் கோகிலாவுக்கு உயிரியலில் தொண்ணூற்றிரண்டு.
பாம்பைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள்,
நீளவெட்டுத் தோற்றத்தில்.

நான் லென்ஸைத் துடைத்தேன்.
துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அது விதி.
தப்பும் கூடவே இருக்க வேண்டும்.
அதன் அடியில் என்னுடையதை வைத்தேன்,
பென்சிலில், கோடு போடாமல்.

கன்னியப்பன் கிளிசரின் பாட்டிலை மூடி
வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்து
இருந்த இடத்தில் வைத்தார்.
நாளைக்கு அரைநாள் லீவு வேண்டுமாம்,
சத்துவாச்சாரி வரைக்கும்.
லீவு ஃபாரத்தில்
காரணம் என்ற இடத்தில்
இனம் என்று எழுதி, அடித்து,
சொந்த வேலை என்று எழுதினார்.