நான்காம் எண் நீர்மூழ்கி

நெப்ராஸ்காவில் கடல் இல்லை.
எந்தத் திசையில் போனாலும்
இரண்டு நாள் கார் ஓட்டினால்தான் உப்புக்காற்று.
அதனால் எங்கள் ஊர்ப் பூங்காவில்
கான்கிரீட்டில் ஒன்று கட்டிக்கொண்டார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
எனக்கு ஆழம் தெரியும்: ஐந்தரை அடி.
திங்கள்தோறும் கோல் விட்டுப் பார்த்து
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

அப்போது பதினேழு வயது.
மணிக்கு மூன்று டாலர் சொச்சம்.
தோளில் சரிகைப் பட்டை வைத்த சட்டை,
அதில் எனக்கு முன் போட்டிருந்தவனின் வியர்வை.

நீர்மூழ்கி என்று பெயர்.
ஒருநாளும் மூழ்கியதில்லை.
கழுத்தளவுத் தண்ணீரில்
தண்டவாளத்தின்மேல் ஊரும் மஞ்சள் பேருந்து அது.
ஜன்னல்கள் மட்டும் தண்ணீருக்குக் கீழே.

‘இறங்குகிறோம்’ என்பார் ஒலிநாடாவில் கேப்டன்.
டிராக்டர் விற்கும் வெர்லின் ஹ்ரூஷ்காவின் குரல்,
ஊரறிந்த ரகசியம்.
அந்தச் சொல்லுக்கு நான்
சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.
கண்ணாடிக்கு வெளியே குமிழிகள் மேலே பாயும்.
குமிழி மேலே போனால் நாம் கீழே போகிறோம்.
இவ்வளவுதான் கணக்கு.

அந்த நொடியில், ஒவ்வொரு முறையும்,
முப்பத்தெட்டுப் பேரும்
மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.
யாரும் சொல்லித்தரவில்லை.
பன்றிப் பண்ணைக்காரர்கள், பல் மருத்துவர்,
ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள்,
கால்சட்டை நனையவே இல்லை, காசைத் திருப்பிக் கொடு என்று
வாசலில் சண்டை பிடித்த அந்த ஆளும்தான்.

ஆக்டோபஸுக்கு ஏழு கை.
எட்டாவதைப் பழுதுபார்க்க அனுப்பினார்கள்,
வரவே இல்லை.
புதையல் பெட்டி நிறைய
மெருகேற்றிய பித்தளைக் கதவுக்குமிழ்கள்.
கடற்கன்னிக்கு மே மாதந்தோறும்
டோரீன் புதிதாக வாய் வரைவாள்.
ஒரு வருஷம் அவளை ஒருத்தன் விட்டுவிட்டுப் போயிருந்தான்.
அந்தக் கோடை முழுக்கக் கன்னி
உதட்டைக் கடித்தபடி இருந்தாள்.

மூடியபோது நான் ஊரில் இல்லை.
டென்வரில், இரண்டாவது விவாகரத்துக் காகிதத்தில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.
பம்பை நிறுத்திய பின்
குளம் வடிய மூன்று நாள் ஆனதாம்.
அடியில் கிடந்தவை:
பதினொரு மூக்குக் கண்ணாடி,
ஒற்றைச் செருப்புகள்,
கேட்டு யாரும் வராத ஒரு கல்யாண மோதிரம்.

நான்காம் எண்ணை ஏலத்தில் எடுத்தவர்
டெல்பெர்ட் க்ரௌபா. நானூறு டாலர்.
கோழி வளர்க்கிறார் அதில்.
போன டிசம்பரில் போய்க் கதவைத் தட்டினேன்.
வந்த காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.
‘தாராளமாகப் பாருங்கள்’ என்றார்.
‘முட்டையை மிதித்துவிடாதீர்கள்.’

என் இருக்கையில் இறகை உப்பிக்கொண்டு
ஒரு செம்பெட்டை.
எழுப்ப மனம் வரவில்லை.
பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டை,
அதில் வைக்கோல்.
பயணிகள் பக்கம் போய்
ஒன்பதாம் எண் ஜன்னலில் நெற்றியை வைத்தேன்.
நான் ஒருநாளும் உட்காராத இடம் அது.
ஓட்டுபவளுக்கு ஜன்னல் கிடையாது,
கடியாரமும் கேப்டன் குரலும்தான்.

வெளியே அறுத்துப்போட்ட மக்காச்சோளக் கொல்லை,
முழங்கால் உயரத் தட்டைகள்.
பனி விழத் தொடங்கியிருந்தது.
அவசரமில்லாமல், நேராக,
கண்ணாடியை உரசிக் கீழே, இன்னும் கீழே.

குமிழி மேலே போனால் நாம் கீழே.
அப்படியென்றால்.

கோழிகள், முட்டைகள், எச்சம், வைக்கோல்,
ஐம்பத்தாறு வயதான நான்,
எல்லாரையும் வைத்துக்கொண்டு
அந்த மஞ்சள் இரும்பு
மேலே எழும்பத் தொடங்கியது.

‘உள்ளே எல்லாம் சரிதானே?’
டெல்பெர்ட் வெளியிலிருந்து தகரத்தைத் தட்டினார்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை.
மூச்சைப் பிடித்திருந்தேன்.