ஏழு பத்து பஸ்ஸுக்குத் தெரியும் நிறம்

சாயத்தை நான் துறக்கவில்லை.
கேஸ் தீர்ந்தது, அவ்வளவுதான்.

ஜனவரி ஞாயிறு. கேத்திப் பள்ளத்தாக்கில்
புல் நுனியெல்லாம் உப்புப் பூத்த மாதிரி உறைபனி.
தலை முழுக்கக் கறுப்புக் குழம்பு,
நெற்றியோரம் வாஸ்லின், கழுத்தில் பழைய துண்டு,
அடுப்பில் இன்னும் சூடேறாத அண்டா.
நீலச் சுடர் ஒருமுறை துள்ளி அணைந்தது.
சிலிண்டர் செவ்வாய்க்கிழமைதான் வருமாம்.

குழாய்த் தண்ணீரில் குனிந்தேன்.
மண்டைக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.
குனிந்தபடியே,
கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்த்தபடியே,
பதினேழு வருஷத்தை மூன்று வாரத்தால் வகுத்தேன்
(தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு; தானாக வரும்).
முந்நூறு ஞாயிற்றுக்கு ஐந்தே குறைவு.

பிறகு அது பாட்டுக்கு வளர்ந்தது.
வகிட்டில் ஒரு கோடு,
சித்திரையில் இரண்டு விரல் அகலம்.
மேலே வெள்ளி, நடுவில் துருப்பிடித்த செம்பட்டை,
கீழே பழைய கறுப்பு.
மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த தங்கை பிரேமகலா
செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்,
"உடம்புக்கு என்னக்கா?"
அவர் இன்னும் பூசுகிறார், மீசைக்கும் சேர்த்து.
புதிதாக வந்த போஸ்ட்மேன்
"உங்க அக்காகிட்ட கையெழுத்து வாங்கிக்கலாமா" என்றார் அவரிடம்.
சிரித்தோம்.
அவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

தலை ஒரு பிரச்சினையே இல்லை.
பிரச்சினை பீரோ.
உள்ளே இருந்ததெல்லாம்
வேறொரு தலைக்கு வாங்கியவை.
கடுகு மஞ்சள் கட்டிப் போனால்
பக்கத்து மேஜை மாதி எழுந்து வந்து
என் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறாள், காமாலையோ என்று.
சந்தனப் புடவையும் சாம்பல் ஸ்வெட்டருமாய்
ஆடி மாதம் ஒருநாள் நின்றேன்.
ஏழு பத்து பஸ் நிற்காமலே போனது.
மறுநாள் டிரைவர் சத்தியம் செய்தார்:
"அங்க மூடுபனிதான் நின்னுச்சு, மேடம்."

சம்பளத்தன்று குன்னூரில் இறங்கினேன்.
ஹபீப் கடைப் பையன் கேட்காமலே அடுக்கினான்:
பிஸ்கட், சந்தனம், வெளிர் ரோஜா, இன்னொரு பிஸ்கட்.
"வயசுக்குக் கௌரவமா இருக்கும்."
கௌரவத்தை மடித்து உள்ளே வைக்கச் சொன்னேன்.

டியூப்லைட்டை நம்பக் கூடாது.
ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப் போய்
மேக வெளிச்சத்தில் மோவாய்க்குக் கீழே பிடித்தேன்.
பையன் கண்ணாடி பிடித்தான்.
துளிர்ப் பச்சையில் என் முகம் ஊறவைத்த பயறு.
அதே செடியின் முற்றிய இலைப் பச்சை, பரவாயில்லை;
சில்வர் ஓக் மரங்கள் காலங்காலமாய்
அதற்கு நடுவேதான் நிற்கின்றன,
யாரும் குறை சொன்னதில்லை.
ஒன்று எடுத்து வை.

அப்போது அடுக்கின் அடியிலிருந்து ஒன்று சரிந்தது.
தவிட்டுப்பழம் தின்றுவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாலும்
நாக்கு காட்டிக்கொடுக்குமே,
அந்த நிறம்.

கண்ணாடியில் என் முடி
வேண்டுமென்றே செய்ததுபோல் இருந்தது.
எங்கோ போயிருந்த கண்கள் திரும்பி வந்திருந்தன.
பையன் கை வலித்தும் கண்ணாடியைத் தாழ்த்தவில்லை.
விலை கேட்க மறந்து,
பிறகு கேட்டு,
நூறு ரூபாய் குறைத்தேன்.

இப்போதெல்லாம் ஏழு பத்து
வளைவு திரும்பும்போதே
விளக்கை ஒருமுறை சிமிட்டுகிறது.

சந்தனப் புடவையை வீணாக்கவில்லை.
மார்கழி இரவுகளில் ஸ்ட்ராபெரிப் பாத்திமேல்
உறைபனிக்கு விரித்து
நாலு மூலையிலும் கல் வைக்கிறேன்.
விடியும்போது அதன்மேல் வெள்ளை படிந்திருக்கும்.
எடுப்பாகத்தான் இருக்கிறது,
பாத்திக்கு.