கேடயத்தின் வலது

ரோர்ஷாக் பாய்மரச் சங்கத்துக்கு
சுவரில் மாட்டும் கொடிகள் நாற்பது.
ஏப்ரலில் முதல் போட்டி, அதற்குள் வேண்டும்.
சின்னத்தை என் மேசையில் விரித்து
செயலாளர் செல்வேகர் விளக்கினார்.
தமிழில் எழுதினால் பெயரிலேயே வேகம்,
ஆள் நிதானம்.

நங்கூரம் பொன்.
பொன்மேல் வெள்ளி படக்கூடாது, அது விதி.
பாய் வெள்ளி,
எந்நேரமும் புடைத்தே இருக்க வேண்டும்.
ஏரி நீலம்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி
அரிசி களைந்த தண்ணீராய்க் கிடந்தது.
சாம்பல் நிறம் உண்டா என்றேன்.
இந்தச் சாத்திரத்தில் சாம்பல் இல்லையாம்.
காற்று விழுந்த நாளும் இல்லை.

அலைக்குக் கீழே ஒரு மீன்.
இரண்டாயிருந்தால்
பாண்டியனுக்குத் தைப்பதாக நினைத்திருப்பேன்.

மீன் வலப்பக்கம் பார்க்கட்டும் என்றார்.
அப்படியே தைத்தேன்.
மறுவாரம் வந்து தலையசைத்தார்:
"உங்கள் வலது அல்ல.
கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது."

பிடித்திருப்பவர் யார்?
தோளைக் குலுக்கினார்.
கேடயத்தை அவர்களில் யாரும்
கையில் எடுத்ததே இல்லை.

ஏழு மீன்களைப் பிரித்தேன்.
நிஜ மீனுக்குக்கூட
இத்தனை செதில் இருக்காது.

எட்டாவதைத் தைத்து, துணியைப் புரட்டி
முடிச்சிடக் குனிந்தபோது பார்த்தேன்.
நூல்வால்கள் தொங்கும் இந்தப் பின்பக்கத்தில்
மீன் என் வலக்கையை நோக்கித்தான் நீந்துகிறது.
அப்படியானால்
பிடித்திருப்பவள்

ஊசியைக் கீழே வைத்தேன்.
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பில்லில் எழுதினேன்:
கொடி நாற்பது.
மீன் நாற்பத்தேழு.