கத்தி நுனி

மூணு மணிக்கு நெற்றிவிளக்கோடு
ரப்பர் காட்டில் ஏறுகிறேன்.
கடையாலுமூட்டில் நாய்கூட எழும்பவில்லை.
இருபத்தேழாவது மரத்தடியில் ஒருத்தி,
இடுப்பில் பிள்ளை, கால் தரையில் படவில்லை.
"தாசம்மா, இத்திரி சுண்ணாம்பு தா."

ஞாயிறு தவறாமல் வேதக்கோயில் போகிறவள் நான்.
என்றாலும் வெற்றிலை போடுகிறவள்
இன்னொருத்தியிடம் இல்லை என்பாளா?
இசக்கிக்குக் கையில் கொடுத்தால் கையோடு போகுமாம்.
பால்வெட்டும் கத்தியின் நுனியில் நீட்டினேன்.
சிரித்தாள்.
இரும்பில் படாமல் எடுத்தாள்.
போகிற போக்கில் அதே நுனியில்
எதையோ தடவிவிட்டுப் போனாள்.

அன்று கீறிய பட்டையெல்லாம் பேசியது:
எத்தனை கிலோ, எவ்வளவு குறைத்தான், எந்த வருஷம் முதல்.
ஷீட்டு நிறுக்க வந்த தங்கசுவாமி
படிக்கல்லை எடுத்தான்,
எடுத்ததும் கீழே போட்டான்,
உள்ளங்கையை ஊதிக்கொண்டே நின்றான்.

எனக்கு ஒளித்துவைக்கத் தெரியாது.
லில்லிபுஷ்பத்தின் கத்தியில் கொஞ்சம்,
வசந்தபாயின் கத்தியில் கொஞ்சம்,
அவள் நாத்தூனுக்கும்.

நேற்று மறுபடி வந்தாள்.
பிள்ளை தோளில் உறங்கிக் கிடந்தது.
"தந்ததைக் கேட்டு வரல்ல.
மாயம் எனக்குக் கொள்ளை கிடக்கு.
முழுக்கூலி வாங்கின கை
எப்படி இருக்கும்? காட்டு."

நீட்டினேன்,
கத்தி இல்லாமல்.