கண்குத்தி

பெத்தகான சதுப்பில் பலகைப் பாதை திரும்பும் இடம்.
காய்ந்த கொப்பென்று ஒதுக்கக் கை நீட்டினேன்.
கொப்புக்குக் கண் இருந்தது,
கிடையாய்க் கீறிய கண்மணி.

காற்று அசைய அதுவும் அசைந்தது.
காற்று நின்றது.
அது மட்டும் இன்னொருதரம் ஆடி,
பிழை பிடிபட்டதுபோல்
சட்டென உறைந்தது.

“எஹெட்டுல்லா!”
காவலாளி லயனல் தன் கண்களைப் பொத்திக் காட்டினார்.
கண்ணைக் கொத்துமாம்.
எங்கள் பெயரும் அதைத்தான் சொல்கிறது.
இரண்டு மொழியும் இந்த ஊரில்
சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட பொய்.

அதன் பார்வை எங்கள் மேலேயே இல்லை.
ஒரு குட்டி ஓணான் மேல்.
சட்டைப்பையில் கந்தோர் அழைப்பு
இரண்டுமுறை அதிர்ந்து அடங்கியது.

ஓணான் போய்விட்டது.
ஓணான் இருந்த இலையை
அது பார்த்தபடியே இருந்தது,
நாக்கை நீட்டி,
உள்ளிழுக்க மறந்து.