மாணவர் 17

எக்ஸ்போ ரயில் நிலையத்திலேயே குளிர் தொடங்கிவிடுகிறது.
கழுத்தட்டையில் என் பெயரின் பின்பாதியை
அச்சு இயந்திரம் விழுங்கிவிட்டது.
காலையிலிருந்து இன்பவல்லி அல்ல,
வெறும் இன்பவ.
ரோஸ்னா சிரிக்கிறாள்.
அவள் அட்டையில் அவள் அப்பா பெயர் மட்டும்தான்.

இரண்டு துணிப்பை, ஒரு தண்ணீர்ப் புட்டி,
கைப்பேசியைச் சாய்த்துவைக்க ஒரு பிளாஸ்டிக் யானை.
எல்லாம் இலவசம்.
கூடம் முழுக்க நாளைய வகுப்பறைகள்.
ஒன்றிலும் மின்விசிறிச் சத்தம் இல்லை,
ஒன்றிலும் யாரும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கவில்லை.

நானும் திருமதி குவெக்கும் பின்வரிசை.
மடியில் மறைத்து சீனக் கட்டுரைகள் திருத்துகிறார்,
சிவப்புப் பேனாவின் மூடி பல்லிடுக்கில்.
தாய்மொழி ஆசிரியர்களுக்குப் பின்வரிசை
எப்படியோ வாய்த்துவிடுகிறது.

மேடையில் ஓர் இளைஞர். மிக வெள்ளையான காலணி.
பேசினால் கேட்டு, கேட்டதும் மதிப்பெண் இடும் செயலியைத்
தமிழுக்கும் பழக்கியிருக்கிறாராம்.
மூன்று பள்ளிகளில் சோதனை.
ஒன்று எங்களுடையது.
பெயர்களை நீக்கிவிட்டோம், கவலை வேண்டாம் என்கிறார்.

திரையில் நீலத் தூண்கள் எழுகின்றன.
முழங்கால் உயரம், இடுப்பு உயரம்,
நான்கு மாடி வீவக புளோக்குகளுக்கு நடுவே
தவறி முளைத்த ஐம்பது மாடி போல் ஒன்று.
மாணவர் 17.
ஒரே இரவில் இருநூற்றுப் பன்னிரண்டு முயற்சிகள்.
'இதுதான் ஆர்வம்,' என்கிறார்,
'இதைத்தானே இத்தனை நாள் தேடினோம்.'
கைதட்டுகிறார்கள்.
நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது.
பெயரை நீக்கியவர்கள் எண்ணை விட்டுவிட்டார்கள்.

என் பதிவேட்டில் பதினேழு:
உயர்நிலை ஒன்று, ஜன்னலோரம்,
வருகை எடுக்கையில் கை மட்டும் உயரும்.
பவித்ரன்.
தன் பெயரின் வாசற்படியிலேயே
முட்டி முட்டி நிற்கிற பையன்.

முதல் பயிற்சி, முதல் வாக்கியம்,
எழுதிக் கொடுத்தது நான்:
என் பெயர்.
யோசிக்கவே இல்லை, அதிலும் ஒரு ப.
உதடு சேரும், பிரியாது.
இயந்திரம் கொஞ்சம் பொறுக்கும்.
பின் இனிமையாகச் சொல்லும்: மீண்டும் முயல்க.
முயன்றிருக்கிறான்.
ஒவ்வோர் அடைப்பையும் ஓர் ஆர்வமாக
எண்ணி வைத்திருக்கிறது அது.
அறைக்கதவு சாத்தியிருந்ததா, தங்கை விழித்துக்கொண்டாளா,
கடைசி முயற்சிக்குப் பிறகு என்ன செய்தான்,
தூண் சொல்லவில்லை.

கேள்வி நேரம்.
தட்டிய கை பாதியில் நின்றிருக்க வேண்டும்,
ஒலிவாங்கியை என்னிடம் நீட்டுகிறார்கள்.
மேடையோரம் இன்னொரு திரை,
பேசப் பேச எழுத்தாக்குவது.
வாயைத் திறந்தேன்.
இருபத்திரண்டு வருடமாக ஓயாத வாய்.
ஒன்றும் வரவில்லை.
திரையில் ஒரு சின்னக் கோடு
துடிக்கிறது, துடிக்கிறது.
முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன.
குவெக் பேனா மூடியைக் கையில் எடுத்துவிட்டார்.

'அது எத்தனை விநாடி காத்திருக்கும்?'

'மூன்று,' என்றார். 'வேண்டுமானால் இரண்டாகக் குறைக்கலாம்.'

'கூட்ட முடியுமா?'

குறித்துக்கொள்கிறேன் என்றார்.
குறித்துக்கொள்ளவும் செய்தார், பாவம், நல்ல பிள்ளை.

சாப்பாட்டு வரிசையில் பீஹூனோடு ரோஸ்னா வந்தாள்.
'யார் அந்தப் பதினேழு?'
'பெயரை நீக்கிவிட்டார்கள்,' என்றேன்.

அவள் சம்பல் எடுக்கப் போன நேரத்தில்
பிளாஸ்டிக் யானைமேல் கைப்பேசியைச் சாய்த்து
விநாடி எண்ணியை ஓடவிட்டேன்.
வகுப்பில் அழைப்பதுபோலவே, மெல்ல,
பவித்ரன் என்றேன்.

இரண்டு ஆகவில்லை.
அதற்குள் என் வாய்
பூர்விகா என்றது.