மறுசலவை

வின்னெலியில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில்
இரவு இரண்டே காலுக்குத் தேநீர் மணி.
நவம்பர். மழை வரும் வரும் என்று
டார்வின் முழுக்க ஈரச்சாக்கைப் போர்த்திக் கிடக்கிறது.
வானொலியில் யாரோ கேட்டார்:
ஆஸ்திரேலியா ஆசியானில் சேரலாமா?

கிரஹாம்தான் முதலில் சிரித்தார்.
"நாங்கள் வேறு மாதிரி ஆட்கள்."
கிறிஸ்துமஸ், கிரிக்கெட், ராணி என்று விரல் மடக்கி
ராணி செத்துப்போனது நினைவு வர
அந்த விரலை மட்டும் நிமிர்த்திக்கொண்டார்.

"கிறிஸ்துமஸா?
மணிலாவில் அது செப்டம்பரிலேயே தொடங்கிவிடும்" என்றான் ரோடெல்.
"சனிக்கிழமை பராப் சந்தையில்
லக்ஸாவுக்கு எனக்கு முன்னால் நிற்பது யார்?
இந்தச் சட்டையில் மஞ்சள் கறை யாருடையது?"

"சாப்பிடுவது வேறு, சேருவது வேறு."
அது பொய்யில்லை.
எங்கள் கறியின் பெயரை அட்சரசுத்தமாகச் சொல்கிற பலருக்கு
என் பெயர் பாதியில் முறிந்துவிடும்.

யூலியானா கூப்பாங்காரி.
சிட்னியைவிட அவள் அம்மா வீடு கிட்டவாம்.
"கிட்ட இருந்தால் உறவாகிவிடுமா?"
"என் மாமியாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான்" என்றாள்.
எல்லோரும் சிரித்தோம்.
அவள் எந்தப் பக்கம் பேசினாள் என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

டொமிங்காஸ் ஒன்றும் பேசாமல்
தலையணை உறைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.
போன மாதம்தான் அவள் திமோரை உள்ளே எடுத்தார்கள்.
பதினோராவது கொடி.
அதற்குமுன் பதினான்கு வருடம் வாசற்படி:
ஆள் காணாது, காசு காணாது,
படித்த அதிகாரி காணாது, பொறு.
பிறகு ஒரு நாற்காலி கொடுத்தார்கள்,
பார்க்கலாம், பேசக்கூடாது.

"முதலில் விண்ணப்பம் எழுதட்டும்" என்றாள்.
"யார்?"
"நீங்கள்."

துணிக்கணக்குத் தாளைத் திருப்பிப் போட்டு
கிரஹாம் எழுத உட்கார்ந்தார்.
பெயர்: ஆஸ்திரேலியா.
வயது.
பேனா நின்றது.
எங்கிருந்து எண்ணுவது என்று யாரும் சொல்லவில்லை.
விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொன்னான் ரோடெல்.
சேர விரும்பும் காரணம்: லக்ஸா.
அயலாரோடு எல்லைத் தகராறு உண்டா?
"உண்டு என்று போடுங்கள்" என்றாள் டொமிங்காஸ்.
"கடலுக்கடியில் எண்ணெய் கிடந்த இடத்தில்
கோடு யார் பக்கம் சாய்ந்தது என்று
எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."
அவர் எழுதினார், உண்டு.
அந்த ஒரு சொல்லை மட்டும் மிகச் சிறிதாக.

கை உயர்த்தச் சொன்னார்கள்.
நான் எண்ணுகிறேன் என்றேன்.
பதின்மூன்று வருடமாக
ஆறு மாதத்துக்கொருக்கால் நீளும் விசாவில் இருப்பவனுக்கு
எண்ணுகிற வேலை நல்ல மறைவு.
கிரஹாம் இரண்டு பக்கத்துக்கும் கை தூக்கினார்.
கணக்கு உதைத்தது. நான் திருத்தவில்லை.

டொமிங்காஸ் எழுந்துபோய்
துவைத்தும் கறை போகாத துணிக்குக் கட்டுகிற
சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்துவந்து
விண்ணப்பத்தில் குத்தினாள்.
மறுசலவை.

கிரஹாமின் முகம் கொஞ்சம் விழுந்தது, நிஜமாகவே.
"கழித்துவிட்டதற்குக் கறுப்புப் பை" என்றாள் அவள்,
அவர் அவளுக்குப் பழக்கிய அதே வாக்கியத்தில்.
"சிவப்பு என்றால் திரும்பி வரும்."

மணி அடித்தது. பெல்ட் ஓடத் தொடங்கியது.
தாளை யாரும் எடுக்கவில்லை.
நான் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
கால்மணி நேரத்தில் பதில் கிடைத்த விண்ணப்பத்தை
என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.